இடுப்பெலும்பு விலகிப் போவதில்லை: எஸ்ஐ மூட்டு வலிக்கான கைச்சிகிச்சைகள்

கீழ்முதுகில், பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் வலிக்கிறது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால், கையைப் பரப்பித் தடவிக் காட்டாமல் ஒற்றை விரலால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்ட முடிகிறது. பிட்டத்துக்கு மேலே சிலருக்கு ஒரு சிறு குழி தெரியும் அல்லவா, அதற்குக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் உட்பக்கமாக. படுக்கையில் புரளும்போது சுருக்கென்கிறது. ஒற்றைக் காலில் நின்று பேன்ட் போட முடியவில்லை. டாக்சியிலிருந்து ஒரு காலை வெளியே வைத்து இறங்கும்போது உயிர் போகிறது. இப்படி இருந்தால் அது எஸ்ஐ மூட்டு வலியாக இருக்க வாய்ப்பு உண்டு. சாக்ரோஇலியாக் மூட்டு என்பது முழுப் பெயர்.

சிங்கப்பூரில் இந்த வலி வந்தவருக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. அலுவலக நண்பர், கடைத்தொகுதியில் இருக்கும், முதுகெலும்பைக் கையால் தள்ளிச் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டரிடம் போய் ‘டக்’கென்று எடுத்துவிடச் சொல்வார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி துயினா என்ற சீன மசாஜ் செய்யச் சொல்வார். அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி நீவிவிடச் சொல்வார். பலதுறை மருந்தக மருத்துவர் பிசியோதெரபிக்குக் கடிதம் தருவார். அந்த பிசியோ, காலைப் பிடித்துக்கொண்டு ‘என் கையைத் தள்ளுங்கள்’ என்பார். எல்லாமே கையால் செய்யும் சிகிச்சைதான். ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது போல் இருக்கும். எதற்குப் போவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறைகளுக்கு இடையே உள்ள வித்தியாசம், அவற்றைச் செய்பவர்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. எந்த முறையும் எலும்பை இடம் மாற்றி வைப்பதில்லை. எல்லாமே சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ வலியைத் தணித்து, உடம்பை அசைக்க ஓர் அவகாசம் வாங்கித் தருகின்றன. அந்த அவகாசத்தில் நீங்கள் செய்யும் பயிற்சியைப் பொறுத்தே பலன் நிலைக்கும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

அசையவே அசையாத மூட்டா?

முதுகெலும்பின் அடியில் ஐந்து எலும்புகள் ஒன்றாக இணைந்து முக்கோணமாக ஓர் எலும்பு இருக்கிறது. திருவெலும்பு என்பார்கள். அது இரண்டு இடுப்பெலும்புகளுக்கு நடுவே ஆப்பு அடித்தது போலச் செருகி நிற்கிறது. ஆப்பின் வலப்பக்கம் ஒரு மூட்டு, இடப்பக்கம் ஒரு மூட்டு. மூட்டின் இரு பரப்புகளும் மேடும் பள்ளமுமாகச் சொரசொரப்பாக இருக்கும். பின்னால் உடம்பிலேயே மிக வலுவான தசைநார்களில் சில அதை இறுக்கிக் கட்டியிருக்கின்றன.

தோள்மூட்டு போலவோ முழங்கால் போலவோ இது அசையாது. 1989இல் சுவீடனில் ஓர் ஆய்வு செய்தார்கள். டான்டலம் உலோகத்தின் மிகச் சிறிய குண்டுகளை நோயாளிகளின் எலும்புக்குள் பதித்து, பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து அளந்தார்கள். படுப்பதிலிருந்து எழுந்து உட்கார்வது, நிற்பது என்று நிலை மாறும்போது மூட்டு சராசரியாகச் சுழன்றது சுமார் 2.5 டிகிரி. நகர்ந்தது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்படியானால் இதன் வேலைதான் என்ன? மேலுடம்பின் பாரத்தைக் கால்களுக்கு இறக்குவதும், தரையின் அதிர்வை முதுகுக்குப் போகாமல் தாங்குவதும். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை, 3 கிலோமீட்டருக்கு மேல், தோளில் காவடியோடு வெறுங்காலில் நடப்பவரை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் ஒரு கால் காற்றில் இருக்கிறது. அந்தக் கணத்தில் உடம்பின் பாரமும் காவடியின் பாரமும் தரையில் ஊன்றிய காலின் பக்கத்து எஸ்ஐ மூட்டு வழியாகத்தான் இறங்க வேண்டும். அதைச் சமாளிக்கத் தசைநார்கள் மட்டும் போதாது. பிட்டத் தசை, அடிவயிற்றின் ஆழத் தசை, இடுப்பின் அடித்தளத் தசைகள், முதுகின் பக்கவாட்டுத் தசை எல்லாம் சேர்ந்து மூட்டை இரு பக்கமிருந்தும் அழுத்திப் பிடிக்கின்றன. பயிற்சி ஏன் உதவுகிறது என்பதற்கான விடையும் இதிலேயே இருக்கிறது.

நீண்டநாள் கீழ்முதுகு வலிக்காரர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு வலி இந்த மூட்டிலிருந்து வருவதாக, ஊசி மூலம் மரப்புமருந்து செலுத்திப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. வழுக்கி பிட்டம் அடிபட விழுவது, கர்ப்பம், பிரசவம், முதுகெலும்பை இணைக்கும் அறுவை சிகிச்சை, அழற்சி நோய் ஆகியவை முக்கியக் காரணங்கள். சிலருக்குக் காரணமே தெரியாது.

இதில் ஒரு சின்ன வரலாறு உண்டு. 1905இல் பாஸ்டனைச் சேர்ந்த கோல்ட்வெய்ட், ஆஸ்குட் என்ற இரு மருத்துவர்கள் இந்த மூட்டை முதுகுவலிக்கான காரணமாக எழுதினார்கள். அடுத்த பல ஆண்டுகளுக்கு முதுகுவலி என்றாலே இதன் தலையில்தான் பழி. 1934இல் மிக்ஸ்டர், பார் இருவரும் முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதைப் பற்றி எழுதியதும் காற்று அந்தப் பக்கம் திரும்பியது. இன்றும் எம்ஆர்ஐ எடுத்துவிட்டு வருகிற எல்லோரும் ‘எல்4, எல்5’ என்று கீழ்முதுகெலும்புகளின் எண்களைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். சாதாரண எஸ்ஐ மூட்டு வலி எம்ஆர்ஐயில் தெரியாது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

‘எலும்பு விலகிடுச்சு’

இதை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. ‘இடுப்பு ஒரு பக்கம் ஏறிடுச்சுன்னு சொன்னாங்க’, ‘ஒரு கால் நீளமாயிடுச்சாம்’, ‘வாரம் ரெண்டு தடவை போய்ச் சரி பண்ணிக்கிறேன், மறுபடியும் விலகிடுது.’ சொன்னவர் சுளுக்கு எடுப்பவராக இருக்கலாம், பட்டம் பெற்றவராகவும் இருக்கலாம். கதை ஒன்றுதான்.

1998இல் சுவீடனிலேயே இந்தக் கதையை நேராகச் சோதித்தார்கள். எஸ்ஐ மூட்டு ஒரு பக்கம் சரியில்லை என்று பரிசோதனையில் தெரிந்த 10 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதே உலோகக் குண்டு முறையில் மூட்டின் நிலையை அளந்தார்கள். பிறகு அனுபவமுள்ள சிகிச்சையாளர் மூட்டுக்குக் கைச்சிகிச்சை செய்தார். கையால் தொட்டுப் பார்த்த பரிசோதனைகள் பெரும்பாலும் ‘சரியாகிவிட்டது’ என்றன. எக்ஸ்ரே அளவீடோ, பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட எலும்பின் நிலை மாறவில்லை என்றது.

அப்படியென்றால் நோயாளிக்குக் கிடைத்த சுகம் பொய்யா? இல்லை. சுகம் உண்மை, அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு. மூட்டையும் அதைச் சுற்றிய தோலையும் தசையையும் கையால் அழுத்தும்போதும் இழுக்கும்போதும் நரம்புகள் வழியே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் புதுச் செய்திகள் போகின்றன. வலியின் உணர்வு கொஞ்ச நேரத்துக்குக் குறைகிறது. பயந்து இறுகிப் போன தசை தளர்கிறது. ஒரு மனிதர் அக்கறையாகத் தொட்டுப் பார்த்து, ‘ஒன்றும் இல்லை, அசைக்கலாம்’ என்று சொல்வதற்கும் இதில் பங்கு உண்டு. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் காரணத்தைத் தவறாகச் சொல்வதால் நஷ்டம் வருகிறது. எலும்பு விலகியிருக்கிறது என்று நம்புகிறவர் குனியப் பயப்படுகிறார், பிள்ளையைத் தூக்கப் பயப்படுகிறார். தன் உடம்பு தானாகவே நழுவிவிடும் என்று நினைத்து, அதைத் திரும்ப வைக்க வாரந்தோறும் ஒருவரிடம் பணம் கட்டுகிறார். உண்மையிலேயே எஸ்ஐ மூட்டு விலகுவது எப்போது என்றால், பெரிய சாலை விபத்திலோ உயரத்திலிருந்து விழுந்தோ இடுப்பு எலும்பு உடையும்போது. அப்படிப்பட்டவர் நடந்து சிகிச்சைக்கு வரமாட்டார், ஆம்புலன்ஸில்தான் வருவார்.

முதலில், வலி அங்கிருந்துதானா?

எந்தக் கைச்சிகிச்சைக்கும் முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். குனியச் சொல்லி, இரண்டு பக்கக் குழிகளிலும் கட்டைவிரலை வைத்து எது முதலில் மேலே போகிறது என்று பார்ப்பது பழைய முறை. ஒரே நோயாளியை இரண்டு பேர் இப்படிப் பார்த்தால் இரண்டு பதில் வருவது சகஜம். ஒரு மில்லிமீட்டர் அசைவைத் தோலுக்கும் கொழுப்புக்கும் தசைக்கும் மேலிருந்து விரலால் உணர்வது எவ்வளவு சிரமம் என்று யோசித்தால் ஆச்சரியம் இருக்காது.

அதைவிட நம்பகமானவை வலியைத் தூண்டிப் பார்க்கும் சோதனைகள். ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் மல்லாந்து படுத்திருக்கிறீர்கள். வலிக்கும் பக்கத்துக் காலை, தொடை செங்குத்தாக நிற்கும்படி சிகிச்சையாளர் மடக்குகிறார். ஒரு கையைத் திருவெலும்புக்கு அடியில் கொடுத்துக்கொள்கிறார். மறு கையாலும் தன் உடம்பாலும் உங்கள் முழங்காலிலிருந்து தொடையெலும்பு வழியாக நேரே கீழ்நோக்கி மெல்ல அழுத்தத்தைக் கூட்டுகிறார். ‘இதே வலிதான், டாக்சியில் இறங்கும்போது வருவது’ என்று நீங்கள் சொன்னால் சோதனை பாசிட்டிவ். வெறுமனே வலித்தால் போதாது, உங்களுக்குப் பழக்கமான அதே வலியாக இருக்க வேண்டும். இதுபோல் ஐந்தாறு சோதனைகள் உண்டு. மூன்றோ அதற்கு மேலோ பாசிட்டிவாக வந்தால் எஸ்ஐ மூட்டின் மேல் சந்தேகம் வலுக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் மார்க் லாஸ்லெட் 2003இலும் 2005இலும் வெளியிட்ட ஆய்வுகள் இந்த வழக்கத்துக்கு அடிப்படை. முதுகைத் திரும்பத் திரும்ப வளைத்து, டிஸ்க் வலி இல்லை என்று முதலில் ஒதுக்கிவிட்டால் கணிப்பு இன்னும் சரியாக இருக்கும். இதில் எதையும் செய்யாமல், எக்ஸ்ரேயைக் காட்டி ‘இடுப்பு சாய்ந்திருக்கிறது’ என்று ஒருவர் பத்து அமர்வுக்குத் தொகுப்புக் கட்டணம் கேட்டால், தயங்குங்கள்.

முறைகள்

சத்தம் வரும் முறையிலிருந்து தொடங்குவோம். மூட்டை அதன் அசைவின் எல்லை வரை கொண்டுபோய், அங்கே மிகச் சிறிய தூரத்துக்கு மிக வேகமாக ஒரு தள்ளு. கைரோபிராக்டர், அவரைப் போலவே மூட்டுக்கும் தசைக்கும் கையால் சிகிச்சை செய்யும் ஆஸ்டியோபாத், சில பிசியோக்கள் இதைச் செய்வார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துச் செய்யலாம். அல்லது மல்லாந்து படுத்து, கைகளைக் கழுத்துக்குப் பின்னால் கோத்துக்கொள்ளச் சொல்லி, மேலுடம்பை ஒரு பக்கம் திருப்பி, எதிர்ப்பக்க இடுப்பெலும்பின் முன்முனையில் தள்ளலாம். ஒரு நொடிகூட ஆகாது. ‘டக்’ என்று கேட்டால் பலருக்கு ஒரு திருப்தி.

அந்தச் சத்தம் எலும்பு பொருந்திய சத்தம் இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் விரலைச் சொடுக்கெடுக்கும்போதே எம்ஆர்ஐயில் படம் பிடித்தார்கள். மூட்டின் பரப்புகள் பிரியும் கணத்தில் உள்ளிருக்கும் திரவத்தில் ஒரு வாயு இடைவெளி உருவாவது தெரிந்தது. இடுப்பில் கேட்கும் சத்தமும் இப்படித்தான் வருகிறது என்று கருதப்படுகிறது. அது எஸ்ஐ மூட்டிலிருந்து வந்ததா, பக்கத்து முதுகெலும்பு மூட்டிலிருந்து வந்ததா என்று காதால் சொல்ல முடியாது. சத்தம் வந்தால்தான் பலன் என்பதும் இல்லை. ஆகவே, ‘இன்னைக்குச் சத்தம் வரலையே’ என்று இரண்டாவது தடவை தள்ளச் சொல்லாதீர்கள்.

இந்த முறையின் நல்ல பக்கம், வேகம். திடீரென்று பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் வந்தவர் சில நேரம் நிமிர்ந்தே போவார். மறுபக்கம், முதுகெலும்பில் இப்படிச் செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓரிரு நாள் உடல்வலியோ அசதியோ இருக்கும். அது பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எலும்பு அடர்த்திக் குறைவு (ஆஸ்டியோபோரோசிஸ்), நீண்டநாள் ஸ்டெராய்டு மாத்திரை, புற்றுநோய் வரலாறு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, எலும்பு முறிவுச் சந்தேகம், தொற்று இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த முறையே வேண்டாம். அறுபது எழுபது வயது அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் எலும்பு அடர்த்தியைப் பற்றி முதலில் பேசிவிடுங்கள்.

அடுத்தது மூட்டை மெல்ல ஆட்டுவது. ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜெப்ரி மெயிட்லண்ட் இதை நான்கு படிகளாக வகுத்தார். முதல் இரண்டும் வலி தொடங்கும் முன்பே நின்றுவிடும் மென்மையான ஆட்டங்கள், வலியைத் தணிக்க. மூன்றும் நான்கும் அசைவின் எல்லை வரை போகும், இறுக்கத்தைத் தளர்த்த. நீங்கள் குப்புறப் படுத்திருக்க, சிகிச்சையாளர் உள்ளங்கையைத் திருவெலும்பின் மேல் வைத்து நொடிக்கு ஒன்றிரண்டு தடவை வீதம் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று அழுத்தி அழுத்தி விடுவார். பார்ப்பதற்கு ஒன்றுமே செய்யாதது போல் இருக்கும். ஆனால் எந்தக் கணத்திலும் ‘போதும்’ என்று நிறுத்தலாம். தள்ளும் முறையில் அது நடக்காது. பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நான் இதைத்தான் முதலில் தேர்ந்தெடுப்பேன்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது. மசல் எனர்ஜி என்று பெயர். அமெரிக்க ஆஸ்டியோபாத் பிரெட் மிட்செல் உருவாக்கியது. இதில் வேலை செய்வது நோயாளியின் தசை. வலப்பக்கம் வலி என்று வைத்துக்கொள்வோம். மல்லாந்து படுத்து வலது காலை மார்பை நோக்கி மடக்குகிறீர்கள். எங்கே இறுக்கம் தொடங்குகிறதோ அங்கே சிகிச்சையாளர் காலைப் பிடித்து நிறுத்துகிறார். ‘இப்போது காலைக் கீழே தள்ளப் பாருங்கள். முழு பலம் வேண்டாம், கால்வாசி போதும்.’ நீங்கள் தள்ள, அவர் விடாமல் பிடிக்க, கால் அசையாமல் ஐந்து முதல் பத்து நொடி. ‘விடுங்கள், மூச்சை வெளியே விடுங்கள்.’ தளர்ந்ததும் கால் முன்பைவிடக் கொஞ்சம் அதிகம் மடங்கும். அங்கிருந்து மறுபடியும். மூன்று முதல் ஐந்து தடவை. புதிதாகச் செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் முழு பலத்தையும் போட்டுத் தள்ளுவார்கள். அப்படிச் செய்தால் தசை இன்னும் இறுகத்தான் செய்யும்.

இந்த முறை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், கற்றுக்கொண்டால் ஒரு துண்டைத் தொடையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம். ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக ஆதாரத்தை மிகைப்படுத்தக் கூடாது. பொதுவான கீழ்முதுகு வலிக்கு இந்த முறை உதவுகிறதா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2015இல் 12 சோதனைகளை, மொத்தம் 500 பேரை, அலசிப் பார்த்தது. ஆய்வுகளின் தரம் போதாது, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் முடிவு.

நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் கொண்டுவந்த முறையில் நீங்கள் படுக்க வேண்டியதே இல்லை. எந்த அசைவு வலிக்கிறதோ, உதாரணமாகக் குனிவதோ நடப்பதோ, அதை நீங்கள் செய்யும்போதே சிகிச்சையாளர் இடுப்பெலும்பை ஒரு திசையில் அழுத்திப் பிடிக்கிறார். பிடித்த பிடியில் வலி உடனே போக வேண்டும். போகவில்லையென்றால் கையின் திசையை மாற்றுவார், அதிலும் போகவில்லையென்றால் இந்த முறை உங்களுக்கு இல்லை. இந்தத் தெளிவு மற்ற முறைகளில் கிடையாது. இருந்த இடத்திலேயே பலன் தெரிந்துவிடும்.

கடைசியாகத் தசையைப் பிசைவதும் நீவுவதும். துயினா, எண்ணெய் மசாஜ், பிசியோ செய்யும் திசு தளர்த்தல் எல்லாம் இந்த வகை. சித்த மருத்துவத்தின் மசாஜ் முறையான தொக்கணத்தில் சொல்லப்படும் ஒன்பது செயல்களில் அழுத்தல், இழுத்தல், அசைத்தல் மூன்றும் அடக்கம். மேலே சொன்ன முறைகளின் அடிப்படை அசைவுகள் நம் வைத்தியர்களுக்குப் பழக்கமானவைதான். பிட்டத் தசையும் அதன் அடியில் இருக்கும் பிரிபார்மிஸ் தசையும் எஸ்ஐ மூட்டு வலியில் இறுகிக் கிடக்கும். அவற்றைப் பிசைந்துவிட்டால் சுகமாக இருக்கும், ஓரிரு நாள் நிம்மதியாகத் தூக்கம் வரும். மூட்டைத் தனியாக நோக்கியது இல்லை என்பதால் இதை மட்டுமே நம்பியிருந்தால் வலி திரும்பத் திரும்ப வரும். இன்னொன்று, எலும்பு முனையில் முழங்கையை ஊன்றி அழுத்த விடாதீர்கள். அங்கே இருக்கும் தசைநார் ஏற்கெனவே நொந்திருக்கும்.

ஒன்றோடொன்று மோதவிட்டால்

நேரடி ஒப்பீடுகள் குறைவு, இருப்பவையும் சிறியவை. நெதர்லாந்தில் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எஸ்ஐ மூட்டால் கால்வரை வலி இருந்த 51 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். கைச்சிகிச்சை பெற்றவர்களில் 72 சதவீதம் பேருக்கும், மூட்டில் ஊசி போட்டவர்களில் 50 சதவீதம் பேருக்கும், பயிற்சி வழியான பிசியோதெரபி பெற்றவர்களில் 20 சதவீதம் பேருக்கும் பலன் தெரிந்தது. இதை மட்டும் படித்தால் கைச்சிகிச்சைதான் ராஜா என்று தோன்றும். ஆனால் கவனித்தது 12 வாரம் மட்டுமே.

2019இல் ஈரானில் கைச்சிகிச்சை, பயிற்சி, இரண்டும் சேர்ந்தது என்று மூன்று குழுக்களை 24 வாரம் வரை தொடர்ந்தார்கள். 6ஆம் வாரத்தில் கைச்சிகிச்சைக்காரர்கள் முன்னால் இருந்தார்கள். 12ஆம் வாரத்தில் பயிற்சியின் பலன் மேலோங்கியது. 24ஆம் வாரத்தில் மூன்று குழுக்களுக்கும் வித்தியாசம் இல்லை. எனக்கு இது மிகவும் முக்கியமான தகவலாகப் படுகிறது. கை முதலில் வலியைக் குறைக்கிறது, பயிற்சி மெதுவாகத்தான் வந்து சேர்கிறது.

எங்கே தள்ளுவது என்பதில்கூடப் பெரிய வேறுபாடு இல்லை. 32 பெண்களை வைத்து 2012இல் நடந்த இன்னோர் ஈரானிய ஆய்வில், எஸ்ஐ மூட்டை மட்டும் தள்ளியவர்களும், அதோடு கீழ்முதுகையும் சேர்த்துத் தள்ளியவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். ‘என் டெக்னிக்தான் சரியான டெக்னிக்’ என்று யாராவது சாதித்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி என்றதும் ஜிம் வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மேலே தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல்முழங்காலை விரிப்பது, தவழும் நிலையில் எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது, வலி அனுமதிக்கும்போது வீவக அடுக்குமாடி வீட்டுப் படியில் மெதுவாக ஏறுவது. நார்வேயில் பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலி இருந்த 81 பெண்களிடம், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வகுத்த இந்த மாதிரி உறுதிப்படுத்தும் பயிற்சிகளை 20 வாரம் செய்யவைத்துப் பார்த்தார்கள். 2004இல் முடிவு வந்தது. அந்தப் பயிற்சி இல்லாத பிசியோ சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள். இரண்டு வருடம் கழித்தும் அந்தப் பலன் நின்றது.

கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள்

கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு வளைய வலி வருகிறது. இங்கே வலி தாங்காமல் கண்ட இடத்துக்கு ஓட வேண்டாம். தள்ளும் முறை முதல் தேர்வு இல்லை. ஒருக்களித்துப் படுத்தபடி செய்யும் மென்மையான முறைகளும் மசல் எனர்ஜியும் பொருத்தம். பிரசவ மருத்துவரிடம் சொல்லி, பெண்கள் நலப் பிசியோவுக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். இடுப்பு பெல்ட் நல்ல துணை. அதை வயிற்றுக்கு மேல் கட்டக் கூடாது. இடுப்பெலும்பின் முன்முனைகளுக்குச் சற்றுக் கீழே சுற்றிக் கட்ட வேண்டும். இன்னும் கீழே, மறைவிட எலும்பின் மட்டத்தில் கட்டுவதைவிட இது மூட்டை நன்றாகப் பிடிக்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். மிகவும் இறுக்கவும் தேவையில்லை.

பிள்ளை பெற்றபின் மலாய் மசாஜ்காரரை வீட்டுக்கு வரவழைத்து, உடம்பு பிடித்துவிட்டு வயிற்றில் நீளத் துணி சுற்றிக் கட்டிக்கொள்வது இந்தியக் குடும்பங்களிலும் இங்கே பழக்கம். அந்த அக்காக்களின் கையில் இருக்கும் பக்குவத்தை நான் மதிக்கிறேன். துணியை இடுப்பெலும்பைச் சுற்றி முதலில் உறுதியாகக் கட்டி, மேலே போகப்போகத் தளர்த்தினால் எஸ்ஐ மூட்டுக்கு இதமாக இருக்கும். வயிற்றில் மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே இடுப்பின் அடித்தளத் தசைக்குப் போகும், அது வேண்டாம். சிசேரியன் என்றால் மருத்துவர் சரி சொல்லும்வரை வயிற்றைத் தொடவே விடாதீர்கள்.

யாரிடம் போவது

சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்டுகள் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அலைட் ஹெல்த் புரொபஷன்ஸ் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பெயரை இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். சீன மருத்துவர்களுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிப் பதிவு உண்டு. கைரோபிராக்டருக்கும் ஆஸ்டியோபாத்துக்கும் அப்படிச் சட்டப்படியான பதிவு இல்லை. அதனால் அவர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை, நன்றாகப் படித்துவந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எங்கே படித்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு உங்களுடையதாகிறது. அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணத்தில் பிசியோ வேண்டுமென்றால் பலதுறை மருந்தகத்திலிருந்து தொடங்குங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும். தனியார் பிசியோவிடம் கடிதம் இல்லாமலே போகலாம்.

யாரிடம் போனாலும் முதல் நாளே, ‘எத்தனை தடவையில் மாற்றம் தெரியும்? தெரியாவிட்டால் என்ன செய்வோம்?’ என்று கேளுங்கள். மூன்று நான்கு அமர்வில் ஏதாவது ஒரு வேலை, படுக்கையில் புரள்வதோ படியேறுவதோ, சுலபமாகியிருக்க வேண்டும். ஆகவில்லையென்றால் அதே முறையை இன்னும் பலமாகச் செய்துகொள்வதில் அர்த்தமில்லை. முறையை மாற்றலாம், அல்லது வலியின் மூலத்தையே மறுபடி ஆராயலாம். படம் பார்த்து மூட்டுக்குள் ஊசி போடுவது அடுத்த படி.

எந்தக் கைக்கும் காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. சிறுநீர் போவதில் திடீர்க் கோளாறு, இரண்டு தொடை நடுவே மரத்துப் போதல், கால் பலமிழத்தல் வந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைதல் என்றால் உடனே மருத்துவர்.

இன்னொன்று மெதுவாக வருவது, அதனாலேயே பல வருடம் தவறிப்போகிறது. 45 வயதுக்குள் தொடங்கிய வலி, மூன்று மாதத்துக்கு மேலாக இருக்கிறது, பின்னிரவில் எழுப்பிவிடுகிறது, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம், ஓய்வெடுத்தால் கூடுகிறது, நடமாடினால் குறைகிறது, பிட்டத்தில் இன்று வலப்பக்கம் நாளை இடப்பக்கம். இது எஸ்ஐ மூட்டின் அழற்சியாக, முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ் நோயின் தொடக்கமாக இருக்கலாம். தேசிய சேவையில் இருக்கும் பையன்கள் ரூட் மார்ச் என்ற நீண்டதூர நடைப்பயிற்சியால் வந்த வலி என்று நினைத்துப் பிசைந்துகொண்டே இருப்பார்கள். கண் சிவந்து வலித்ததா, சொரியாசிஸ் உண்டா, வீட்டில் யாருக்காவது முதுகு இறுகும் நோய் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண எஸ்ஐ வலி எம்ஆர்ஐயில் தெரியாது என்றேன், இந்த அழற்சி தெரியும். எச்எல்ஏ பி27 ரத்தப் பரிசோதனையும் உதவும். வாத நோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டு எலும்பாக இறுகிப்போகும் முன்னரே தொடங்கக்கூடிய நல்ல மருந்துகள் இப்போது இருக்கின்றன.